ஆறாம் வட்டத்துச் சிவப்பு

வெள்ளிக்கிழமை மாலை அம்மான் நகரத் தெருக்களில் மாப்பிள்ளை ஊர்வலம் போகும் என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். கார்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஏற்பாடு செய்த எனக்குத்தான் அது தோன்றவில்லை.

சோதனைக்காக நகரத்துக் கார்களில் திரையோடு ஒரு சின்னக் கருவியைப் பொருத்தியிருந்தோம். ஒரு கார் பிரேக் போட்டால் பின்னால் வருகிற காருக்குத் தெரிந்துவிடும். நான்கு மூலை விளக்குகளும் சேர்ந்து மினுக்கினால், ஆபத்தில் நிற்கிறது என்று அர்த்தம். வெளிநாட்டு விதி. அப்படியே எடுத்துப் போட்டிருந்தேன்.

அன்று கட்டுப்பாட்டு அறையில் என் திரை, ஆறாம் வட்டம் என்கிற ரவுண்டானாவுக்கு அருகே திடீரெனச் சிவந்தது. நாற்பது கார் இருக்கும், எல்லாம் சிவப்புப் புள்ளிகளாக மினுக்கின. மெஷின் ‘பெரிய விபத்து’ என்று அலறி, அந்த வழியாகப் போகவேண்டிய ஆம்புலன்ஸைப் பள்ளத்துச் சாலைக்குத் திருப்பியது. அதில் பிள்ளை பெற்று ரத்தம் நிற்காத ஒரு பெண். சுற்றிப் போனால் தாங்கமாட்டாள் என்று நர்ஸ் சொல்லிவிட்டாள்.

ஓட்டுநர் அபூ கைஸ் ரேடியோவில் கத்தினார். “ருதைனா, மகளே! உன் மெஷினு விபத்துங்குது. எனக்கு முன்னாடி ஹாரன் தாளமா கேக்குது. அடிபட்டவன் எவனாவது தாளம் போடுவானா?”

புள்ளிகளை உற்றுப் பார்த்தேன். மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன. விபத்து நகருமா? என் அக்கா கல்யாணத்தில் நானே நாலு விளக்கையும் மினுக்கிக்கொண்டு, சாலையை அடைத்துப் போனவள்தானே! வெட்கத்தில் காது சுட்டது.

“கல்யாணம்தான். நேரா போங்க, அபூ கைஸ்!”

“போகலாம், மாப்பிள்ளை காரை முந்த விட்டாத்தானே! அவனோட சித்தப்பன் மகனுங்க குறுக்கால வண்டிய விட்டு மறிக்கிறானுங்க. நான் சைரன் போட்டா, அதையும் கல்யாண சத்தம்னு நினைச்சு கை தட்டுறானுங்க, பாவிங்க.”

அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது. தயாராக வைத்திருந்த செய்திகளில் ஒன்றும் பொருந்தவில்லை. மேலதிகாரியைக் கேட்காமல் சொந்தமாக எழுதக் கூடாது. எழுதினேன். அந்த நாற்பது கார்களின் திரையிலும் அது போய் நின்றது: “மப்ரூக், வாழ்த்துகள், மாப்பிள்ளை! உங்களுக்குப் பின்னால் ஆம்புலன்ஸில், இன்று பிள்ளை பெற்றவள் சாகக் கிடக்கிறாள். வழி விடுங்கள்.”

பயந்துகொண்டே பார்த்தேன். ஒரு புள்ளியின் சிவப்பு அணைந்தது. இன்னொன்று. பிறகு எல்லாம்.

“அட என் கண்ணே!” அபூ கைஸின் குரல் உடைந்தது. “ரெண்டு பக்கமும் ஒதுங்கிட்டானுங்க! மறிச்ச பசங்களே இப்ப எனக்காக வட்டத்துல வர்ற வண்டியெல்லாம் மறிக்கிறானுங்க. மாப்பிள்ளை கோட்டோட நடுரோட்டுல நிக்கிறான், மகளே, ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு!”

சற்று நேரத்தில் மறுபடி அழைத்தார். “ஆஸ்பத்திரியில சேத்தாச்சு. அவ பொழைச்சுக்குவான்னு டாக்டர் சொல்றாரு.”

மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். நிமிர்ந்தபோது ஆறாம் வட்டம் திரும்பவும் சிவந்திருந்தது. புள்ளிகள் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன; மெஷினோ ‘பெரிய விபத்து’ என்றது. அந்தச் சொல்லை அழித்துவிட்டு, ‘கல்யாணம், மெதுவாக வாருங்கள்’ என்று என் கையால் எழுதினேன்.