கைகாட்டிக்கு முன்னால் ஏழு மரங்கள்

மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பென்சில் எழுத்தைப் பார்த்தேன். பலகையின் அடிப்பக்கத்தில், ஒயர்களுக்கு நடுவே, ஒரு பணியாளர் எண்ணும் ‘கிழக்கு கேபின்’ என்ற இரண்டு சொற்களும் இருந்தன. பதினாறு வருடங்களாக, பொம்மை ரயில் ஓடும் அந்த மேசையை நான்தான் பராமரிக்கிறேன். உடைந்த பாலத்தை ஒட்டியிருக்கிறேன், எலி கடித்த ஒயரை மாற்றியிருக்கிறேன், விரல் நீளப் பெட்டிகளுக்குச் சக்கரம் தேடி ஊரெல்லாம் அலைந்திருக்கிறேன். அருங்காட்சியகத்தில் எனக்குப் ‘பசை’ என்று பெயரே விழுந்துவிட்டது. ஆனால் அதைச் செய்தது யார் என்று ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. பதிவேட்டில் ‘ரயில் ஊழியர் மன்றத்தின் நன்கொடை’ என்று ஒரு வரி இருந்தது. எனக்கு அது போதும். மேசை வந்து ஐம்பது வருடம் ஆகிறது, சின்னதாக ஒரு விழா வைக்கிறோம், வரலாற்றை எழுதிக் கொடு என்று இயக்குநர் சொன்ன பிறகுதான் அடியில் போய்ப் படுத்தேன்.

எண்ணைக் குறித்துக்கொண்டு ஓய்வுபெற்றோர் சங்கத்துக்குப் போனேன். அங்கிருந்த செயலாளர் அதைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“சிக்னல் போடற இந்தக் கேபின்காரரையா தேடறீங்க? அவர வேலைய விட்டே எடுத்துட்டாங்களே. அந்த ரயில் மோதல்ல ஒன்பது பேர் போயிட்டாங்க.”

மீதியை நூலகத்தில் பழைய செய்தித்தாள்களில் படித்தேன். வளைவு தாண்டி நின்றிருந்த சரக்கு வண்டியில் பயணிகள் வண்டி மோதியிருக்கிறது. ஓட்டுநரும் இறந்துவிட்டார். சிக்னல் கைகாட்டியை நிற்கச் சொல்லித்தான் வைத்திருந்தேன் என்றார் கேபின்காரர். விசாரணைக் குழு போய்ப் பார்த்தது. அரை மைல் தூரத்திலிருந்தே கைகாட்டி பளிச்சென்று தெரிந்தது. இவ்வளவு தெளிவாகத் தெரிவதை ஓட்டுநர் எப்படிப் பார்க்காமல் போவார்? ஆகவே கேபின்காரர்தான் தவறாக வழிவிட்டிருக்க வேண்டும் என்று முடித்துவிட்டார்கள். கடைசிப் பத்தியில், அவர் சொன்னதாக இரண்டு வரி மட்டும் போட்டிருந்தார்கள்: ‘கைகாட்டிக்கு முன்னால் ஏழு மரங்கள் அதை மறைத்து நின்றன. விபத்துக்கு மறுநாளே அவற்றை வெட்டிவிட்டார்கள்.’

அந்த இரண்டு வரிகளையும் விரல் வைத்து மறுபடி படித்தேன்.

அந்த ஏழு மரங்களையும் எனக்குத் தெரியும்; எங்கள் மேசையில் அவை நின்றிருந்தன. பதினோரு வருடங்களுக்கு முன்னால், ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் பேரப் பிள்ளைகளோடு அருங்காட்சியகத்துக்கு வந்தார். வளைவுக்குப் பக்கத்தில் நின்று, “கைகாட்டிக்கு முன்னாடி எவனாவது மரம் வைப்பானா? இது தெரியாதவன் செஞ்ச வேலை” என்று சிரித்தார். கூட நின்றவர்களும் சிரித்தார்கள். ஏதோ என்னையே சொன்ன மாதிரி எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் இடுக்கியை எடுத்து ஏழையும் பிடுங்கினேன். கம்பியில் முறுக்கி, சாயத்தூள் ஒட்டிய மரங்கள். ஒன்றும் லேசில் வரவில்லை. கேபின்காரர் அவ்வளவு ஆழமாகத் துளையிட்டு இறக்கியிருந்தார். அலங்காரத்துக்கு வைக்கிறவன் அப்படி இறக்கமாட்டான் என்று அப்போதாவது யோசித்திருக்கலாம். நான் துளைகளை மக்கு வைத்து அடைத்து, பச்சை அடித்து, பராமரிப்புக் கோப்பில் ‘தவறு திருத்தப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நூலகத்திலிருந்து வந்ததும் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்து அன்றைக்கு ரொம்ப அழகாக விழுந்திருந்தது.

முதல்முறை, நிஜ மரங்களை வெட்டியவர்களுக்காவது தங்களைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு காரணம் இருந்திருக்கும்.

கேபின்காரரின் மகள் மருந்துக்கடை வைத்திருப்பதாகச் சங்கச் செயலாளர் சொல்லியிருந்தார். அறுபதைத் தாண்டியவர். வந்தவர்களுக்கு மாத்திரையை எண்ணிக் கொடுத்து அனுப்பிவிட்டு, எனக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

“ஆறு வருஷம் செஞ்சாரு சார். வேற வேலை யாரும் குடுக்கல. கெடச்ச கூலி வேலைக்குப் போயிட்டு வந்து அதுலயே உக்காந்துடுவாரு. இருந்தது ஒரே ரூம், அத அது அடச்சிக்கிச்சு. நானும் தம்பியும் அதுக்கு அடியிலதான் படுத்துத் தூங்குவோம். அம்மாவுக்கு அதக் கண்டாலே ஆகாது. மன்றத்துல வந்து தூக்கிட்டுப் போனப்போ, விட்டுது சனின்னாங்க. போய்ப் பாக்கவும் எங்கள விடல. அப்புறம் எனக்கே போகத் தோணல.”

“அப்பா என்ன சொன்னாரு?”

“பேர் வேண்டாம், பேர் போட்டா வாங்க மாட்டாங்கன்னாரு. யாராவது ஒருத்தர் குனிஞ்சு, டிரைவர் பாக்கற மாதிரி பாத்தாப் போதும்னாரு.”

பிறகு அவர் கல்லாவுக்குப் பின்னாலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து நீட்டினார். ஒல்லியான ஒரு மனிதர் மேசையோரம் நின்றுகொண்டிருந்தார். கேமராவைப் பார்க்காமல் வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மரங்கள் தெளிவாகத் தெரிந்தன.

“அந்த மரமெல்லாம் இன்னும் இருக்கா சார்?”

உண்மை வாய்வரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்தேன்.

“இருக்கு” என்றேன்.

படத்தை இரவல் கேட்டேன். கண்காட்சிக்கு என்று நினைத்து, ஒரு மருந்துக் கவரில் போட்டு பத்திரமாகக் கொடுத்தார். நான் அதை வைத்துத்தான் பொய்க்கு முட்டுக் கொடுத்தேன். வீட்டில் உட்கார்ந்து கம்பியை முறுக்கி, மரத்தூளில் சாயம் ஏற்றி, படத்தில் இருந்தபடியே, மூன்றாவது மரம் கொஞ்சம் சாய்ந்திருப்பது உட்பட, ஏழையும் செய்தேன். மனைவிக்கு மட்டும் விஷயம் தெரியும். சாயக் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டே, “அதான் பழையபடி ஆயிடுச்சே, இன்னும் ஏன் முகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு?” என்றாள். நான் படத்தை மருந்துக் கவருக்குள் திரும்பப் போட்டேன்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, காலையில் மண்டபம் திறப்பதற்குள் மரங்களை நட்டுவிட்டேன். வரலாற்றையும் எழுதிக் கொடுத்தேன். இயக்குநருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. “பசைக்குள்ள இப்படி ஒரு எழுத்தாளனா” என்று தோளில் தட்டினார். கடைசி வரியைப் பெரிய எழுத்தில் அட்டையில் அச்சடித்துச் சுவரில் ஒட்டச் சொன்னார். ‘அவர் நட்ட ஏழு மரங்களும் இன்றும் அதே இடத்தில் நிற்கின்றன.’ ஒட்டியதும் நான்தான்.

விழாவன்று மகள் தனியாக வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சேலை. பேச்செல்லாம் முடிந்து, இயக்குநர் விருந்தினர்களை அடுத்த அறைக்குக் கூட்டிப்போகத் தொடங்கியதும், மெல்ல மேசையை நெருங்கினார். முழங்காலில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, வளைவின் தொடக்கத்தில் கண்ணை வைத்தார். வெகுநேரம் அப்படியே இருந்தார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

“தெரியவே இல்ல சார். கைகாட்டி தெரியவே இல்ல. அவர் சொன்னது நிஜம்.”

விரலால் மூன்றாவது மரத்தைத் தொட்டார். பிறகு, கூச்சத்தோடு கேட்டார்.

“இதுல ஒண்ணே ஒண்ணு நான் எடுத்துக்கலாமா? அவர் கையால செஞ்சது எதுவும் வீட்ல இல்ல.”

தலையாட்டியிருந்தால் போதும். அவர் அதைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப்போய்ச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்.

“அது அவர் செஞ்சது இல்லம்மா.”

அவருக்குப் புரியவில்லை.

“நான் செஞ்சது. போன வாரம். அவர் வெச்சதப் பதினோரு வருஷம் முன்னாடி நான்தான் பிடுங்கிட்டேன்.”

“கடையில கேட்டேனே. இருக்குன்னீங்களே.”

“பொய் சொன்னேன்.”

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். அவர் மருந்துச் சீட்டைச் சரிபார்ப்பவரைப் போல ஒவ்வொன்றாகக் கேட்டார்.

“எங்க போட்டீங்க?”

“குப்பையில.”

“ஏழும்?”

“ஏழும்.”

தன் விரலைப் பார்த்தார். பச்சைத் தூள் ஒட்டியிருந்தது. அதைத் துடைக்கவில்லை. சுவரில் இருந்த அட்டையை ஒருமுறை, பிறகு இன்னொருமுறை படித்தார்.

“அத எடுத்துருங்க.”

அட்டையை இழுத்தேன். என் பசையாயிற்றே, சுண்ணாம்போடு பெயர்ந்துதான் வந்தது. உள்ளங்கை அகலத்துக்குச் சுவர் வெளுத்துத் தெரிந்தது. சத்தம் கேட்டு இயக்குநர் வாசலில் வந்து நின்றார்.

“என்னய்யா பண்ற?”

“எழுதினது தப்பு சார். மாத்தி எழுதணும்.”

“நீங்க பிடுங்கினதையும் சேத்து எழுதுங்க” என்றார் மகள், திரும்பிப் பார்க்காமலே.

இயக்குநர் என்னையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தார். நான் அட்டையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன்.

“வண்டிய விடுங்க” என்றார் மகள்.

சுவிட்சைப் போட்டேன். மேசையின் மறுகோடியில் எஞ்சின் ஒருமுறை குலுங்கிக் கிளம்பியது. அவர் இந்தமுறை எதிர்ப்பக்கம் போய், அன்றைக்குச் சரக்கு வண்டி நின்று மோதல் நடந்த இடத்தில் குனிந்து, தண்டவாளத்தோடு தண்டவாளமாக முகத்தை வைத்துக்கொண்டார். பாலம் தாண்டி, குகை தாண்டி, மரங்களுக்குப் பின்னாலிருந்து எஞ்சினின் சின்ன விளக்கு அவரை நோக்கித் திரும்பியது. அவர் மூக்குக்கண்ணாடியின் இரண்டு பக்கத்திலும் அந்த மஞ்சள் வெளிச்சம் பெரிதாகிக்கொண்டே வந்தது. அவர் முகத்தை எடுக்கவில்லை.