வைனுக்கு ஆகாத நெத்தலி

கருப்பம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. குசினிக் கதவுக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

"ஒரு எடத்துல நில்லு புள்ள. ஒன்னப் பாத்தா எனக்கு வேல ஓடல," என்றார் அவள் புருஷன் அழகர்.

ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாவில் சமையல்காரர் அவர்; அங்கே அவரை 'அப்பு' என்றுதான் கூப்பிடுவார்கள். தோட்டத்தைக் கம்பனி எடுத்ததிலிருந்து பங்களாக்களில் ஆட்களைக் குறைத்து வந்தார்கள். இன்று கொழும்பிலிருந்து டைரக்டர் வீரசிங்கம் பகல் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். அழகர் இருக்கலாமா, போக வேண்டுமா என்பதை அவர்தான் சொல்வார். போகச் சொன்னால் வேலையோடு அவர்கள் குடியிருக்கும் பின்பக்கத்து ஒற்றை அறைக் காம்பராவும் போய்விடும்.

வீரசிங்கத்துக்கு வைன் இல்லாமல் சாப்பாடு இறங்காதாம். வயிறோ மோசமாம். துரையின் மனைவி துரைசாணி காலையிலேயே கட்டளை போட்டிருந்தாள்: வைனோடு எண்ணெயில் பொரித்தது ஆகாது, உறைப்பு ஆகாது, புளி, ஊறுகாய், கருவாடு எதுவும் ஆகாது. கடைசியில் தயிரும் வேண்டாம், ஐயாவுக்கு நெஞ்சு எரியும்.

"அப்ப என்னத்தத்தான் திங்கிறது? ஆவியையா?" என்றாள் கருப்பம்மா.

"அவிச்ச கோழி, அவிச்ச உருளக்கெழங்கு. சொன்னதச் செஞ்சிட்டுப் போவோம்."

"ஆஸ்பத்திரிச் சாப்பாடு! இதத் தின்னுப்புட்டு ஒங்கள வச்சிக்கிறேம்பாராக்கும்."

கதவிடுக்கால் எட்டிப் பார்த்தாள். துரை டெலிபோனில் இருந்தார். துரைசாணி வெளியே பூ வெட்டிக்கொண்டிருந்தாள். விருந்தாளி கையில் வைன் கிளாஸ், முன்னால் ஒன்றுமில்லை. கருப்பம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. எந்த லயத்தில், எந்தக் கல்யாணத்தில் கடித்துக்கொள்ள பைட் வைக்காமல் குடிக்கக் கொடுத்தார்கள்? வெறும் கிளாசை நீட்டினால் வந்தவர் என்ன நினைப்பார்?

அழகர் உருளைக்கிழங்கை வடிக்கப் பின்கட்டுக்குப் போனார். அந்த நேரத்துக்குள் நெத்தலிக் கருவாட்டை உறைப்பான கொச்சிக்காய், வெங்காயத்தோடு மொறுமொறுவென்று பொரித்து, தேசிக்காய்ப் புளி பிழிந்து, அவளே கொண்டுபோய் வைத்தாள்.

"இதென்ன, நெத்தலியோ?"

"ஆமாங்கையா. சும்மா கடிச்சிக்க."

ஒன்றை வாயில் போட்டவர் கண்ணை மூடிக்கொண்டார். "நில்லணை, போகாதை." தட்டு காலியாயிற்று. "இன்னும் கிடக்கோ?"

இன்னொரு தட்டும் போயிற்று.

மேசையில் அவித்த கோழி அப்படியே கிடந்தது. வீரசிங்கம் நெஞ்சைத் தடவினார், ஏப்பம் விட்டார், முகம் சுண்டி எழுந்துபோய் சோபாவில் சாய்ந்தார். துரைசாணி குசினிக்குள் பாய்ந்து வந்தாள்.

"அப்பு, ஐயாவுக்கு என்ன குடுத்தது?"

அழகர் மனைவியைப் பார்த்தார். எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தார். "நான்தாங்க..."

"அவரில்லீங்க! நாந்தான் நெத்தலி வச்சேன். அவருக்குத் தெரியாதுங்க."

ஹாலிலிருந்து குரல் வந்தது. "அவையை விடுங்கோ. நான்தான் கேட்டு வாங்கினனான்."

சற்றுநேரம் கழித்து அவர் எழும்பிப் புறப்பட்டார். ஜீப்பில் ஏறும்போதுதான் அழகரைக் கூப்பிட்டார். கருப்பம்மா ஜன்னலோரம் காது கொடுத்து நின்றாள்.

"அடுத்த மாசமும் வருவன். அந்த அவிச்ச கோழி வேண்டாம், வாயிலை வைக்கேலாது. வைன் குடிக்கேக்கை நெத்தலியும் வேண்டாம். நான் கேட்டாலும் தரக்கூடாது, விளங்கிச்சோ?"

"சரிங்கையா."

ஜீப் இறக்கத்தில் மறைந்தது. அவள் ஓடி வந்தாள்.

"அடுத்த மாசமும் நாம இருப்போம்னுதானே அர்த்தம்?"

"அப்புடித்தான் தெரியுது. ஆனா, அவரே கேட்டா எப்புடி இல்லேங்கிறது?"

"கேட்டா நீங்க உள்ள வந்துருங்க. நான் பாத்துக்கிறேன்."

"நீ பாத்துக்குவேங்கிறதுதாண்டி எனக்குப் பயமே."