கட்டளைக்கு அசைவில்லை

அப்பாவின் உடம்பை ஆம்புலன்சில் ஏற்றிக் கதவைச் சாத்தப்போகும் நேரத்தில், அனிதா மேரி திரும்பி ஆஸ்பத்திரி மாடிப்படி ஏறினாள்.

"எங்க போற? ஏலாக்குறிச்சில சனம் காத்துக் கெடக்கு" என்று அண்ணன் லியோ பிரபு பின்னாலேயே ஓடி வந்தான்.

"அப்பாவுக்கு ஒரு வேல பாக்கி இருக்குண்ணே."

திருச்சி ஆபீசில் அவளுக்கு இதுதான் பிழைப்பு. அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் கேஸ் ஷீட்டைப் படித்து, பக்கவாதம் வந்தவர் கை தூக்கினாரா, சொன்னது புரிந்ததா என்று டாக்டர் போட்ட மதிப்பெண்ணுக்குத் தக்கபடி இன்ஷூரன்சுக்கான குறியீட்டு எண் போட வேண்டும். ஆளைப் பார்க்கிற வேலையில்லை. எழுதியிருந்தால் நடந்தது, எழுதாவிட்டால் நடக்கவில்லை. இன்று காலை இந்தப் பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் உடம்பை வாங்கக் கையெழுத்துப் போடும்போது சொந்த அப்பா சவரியாரின் ஷீட் கண்ணில் பட்டது. 'சொன்னது புரியவில்லை. கட்டளைக்கு அசைவில்லை.' படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு.

நேற்று அவள் கட்டிலருகில்தான் நின்றாள். பக்கவாதத்தில் அப்பாவுக்கு வலது பக்கம் முழுக்க விழுந்திருந்தது. "கைய நீட்டுங்க பெரியவரே" என்றார் டியூட்டி டாக்டர். அப்பா இடது கையை நீட்டவில்லை. நீட்டுவாரா? திருமானூர் பஸ்ஸில் நெரிசலில் தொங்கினாலும், வலது கையைக் கம்பியிலிருந்து எடுத்துத்தான் கண்டக்டருக்குச் சில்லறை கொடுக்கிற மனுஷன். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து, அந்த உணர்வில்லாத கையை டாக்டர் பக்கமாகத் தள்ளினார். அதற்குள் டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போயிருந்தார்.

மாடி வார்டில் அவள் சொன்னதையெல்லாம் அதே டாக்டர் கேட்டார். "ஆள் போன பெறகு இத மாத்தி என்னம்மா ஆகப்போவுது?"

"மாத்த வேணாம் சார். கீழ சேத்து எழுதுங்க. நீங்க கேட்டது அவருக்குப் புரிஞ்சுச்சு."

"நான் பாக்கலியே."

"நான் பாத்தேன் சார்" என்றாள் நர்ஸ் மலர்கொடி, மெத்தை விரிப்பை உருவியபடி. "கையப் புடிச்சுத் தள்ளுனாரு. சும்மா அசைக்கிறாருன்னு நெனச்சுட்டேன்."

லியோ பிரபு தங்கையின் தோளைத் தொட்டான். "விடு அனிதா. நெனவில்லாம நிம்மதியா போயிட்டாருன்னு எல்லாருக்கும் போன்ல சொல்லிட்டேன்."

"திரும்பப் போன் போட்டுச் சொல்லு. நெனவோடதான் போனாரு. மரியாத தெரிஞ்சு போனாரு."

அவள் நகருவதாக இல்லை. டாக்டர் பெருமூச்சு விட்டு உட்கார்ந்து, தேதி போட்டு, மகளும் நர்ஸும் கண்டதை எழுதிக் கையெழுத்திட்டார்.

அப்போது அவர் போன் அடித்தது. வலது கையால் அதை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, படித்துப் பார்க்கச் சொல்லி, இடது கையால் ஷீட்டை அவளிடம் நீட்டினார்.

அனிதா மேரி வாங்கவில்லை.

கீழே ஆம்புலன்ஸ்காரர் ஹாரன் அடித்தார். டாக்டர் அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு தன் கையைப் பார்த்தார். போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, ஷீட்டை வலது கைக்கு மாற்றினார்.