அடைத்த துளைகள்

பூசிய சிமெண்ட் இன்னும் வெளுக்கவில்லை. தடுப்பணைச் சுவரின் அடியில் வரிசையாக இருந்த துளைகளில் ஒன்றுகூட மிச்சமில்லை. எல்லாவற்றிலும் கலவையைத் திணித்து, கரண்டியால் மழமழவென்று தேய்த்தும் விட்டிருந்தார்கள். ஸ்ரீமதிக்குக் காது மடல் சுட்டது.

நரிக்குடிப் பக்கத்து ஓடையில் நிற்கும் அந்த அணைக்குக் கணக்குப் போட்டவள் அவள்தான். அருப்புக்கோட்டை நெசவுத் தெருவில் பிறந்தவள், அங்கேயே ஒரு தனியார் அலுவலகத்தில் பொறியாளர். அணை நிரம்பியதைப் பார்க்க வந்திருந்தாள். மேலே உள்ள கண்மாய் நிரம்பி வழிந்து மறுகால் பாய்கிறது என்று பஸ்ஸிலேயே பேசிக்கொண்டார்கள். அந்தத் தண்ணீர் பொழுது சாய்வதற்குள் இங்கே வந்துவிடும்.

அடைத்தது யார் என்று கேட்டாள். விவசாயிகள் சங்கத் தலைவர் சௌந்தரபாண்டியன் மறைக்கவில்லை. துளை வழியே தண்ணீர் ஓயாமல் வீணாகப் போனதாம். ஊரே கூடிக் கலவை சுமந்து அடைத்ததாம். சொல்லும்போது முகத்தில் பெருமை.

அவள் மடிக்கணினியைத் திறந்தாள். திரையில் அணையின் ஒரு மீட்டர் நீளத் துண்டு, அதைச் சுற்றி அம்புகள். தண்ணீர் சுவரைப் பக்கவாட்டில் தள்ளும். ஆழம் இரட்டித்தால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். எதிர்த்து நிற்பது சுவரின் கனம். கனமாக அழுத்தும் வரைக்கும்தான் தரையைப் பிடித்திருக்கும். ஆனால் தண்ணீர் மண்ணுக்குள் புகுந்து அடியிலிருந்தும் தூக்கும். அந்த அழுத்தத்தை வெளியே விடத்தான் துளைகள். துளை இல்லை என்று மாற்றிப் போட்டதும், வெள்ள மட்டத்தில் தள்ளும் விசை தாங்கும் விசையை மிஞ்சிவிட்டது. சுவர் நகரும்.

முத்துத்தாய் என்ற பெண்ணுக்குக் கீழ்ப்புறம் நெல் வயல். “தறி ஓட்டுற வீட்டுப் பிள்ளைக்குத் தண்ணி அரும எங்க தெரியப் போகுது” என்றாள்.

“எங்க தெருவுல குழாய்ல தண்ணி வந்து எத்தன நாளாச்சுன்னு கேட்டுப் பாருக்கா” என்ற ஸ்ரீமதி மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். “கிணத்துல தூர் வாரிருக்கீகள்ல? தண்ணிக்குள்ள கல்லத் தூக்குனா லேசா இருக்கும். மேல வந்தாத்தான் கனக்கும். இந்தச் சுவரு இப்பத் தண்ணிக்குள்ள கெடக்குற கல்லு. வெள்ளம் தள்ளுனா நகந்துரும்.”

துளைகளைத் திறக்க வேண்டும், இல்லையென்றால் மதகுப் பலகையைத் தூக்கி அத்தனை தண்ணீரையும் விட்டுவிட வேண்டும் என்றாள். பதிலுக்குக் காத்திராமல் மதகின் சக்கரத்தைப் பிடித்துத் திருகத் தொடங்கினாள். முத்துத்தாய் ஓடிவந்து குறுக்கே நின்றாள். சௌந்தரபாண்டியன் சக்கரத்தின் மறுபக்கத்தை இறுக்கிப் பிடித்தார்.

“மதக விடு. தொளையத் தொறந்துதான் தொலைக்கணும், தெரியுது” என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. “தெறப்பு விழாக் கல்லுல அம்புட்டுப் பேரு வெட்டிருக்கீகளே, இந்தத் தொளை எதுக்குன்னு ஒரு வரி வெட்ட எடமில்லையா? நாங்க என்ன மாடா?”

ஸ்ரீமதி சக்கரத்திலிருந்து கையை எடுத்தாள்.

அவர் கடப்பாரையோடு கீழே இறங்கினார். பின்னாலேயே நாலைந்து பேர் உளியும் சுத்தியலுமாக இறங்கினார்கள். முதல் அடைப்பு உடைந்ததும் தண்ணீர் சீறி அவர் நெஞ்சில் அடித்தது. ஒரு எட்டுப் பின்வாங்கினார். ஸ்ரீமதி கையில் ஏந்திப் பார்த்தாள். மண் வரவில்லை, அப்படியானால் மண்ணை வடிகட்ட அடியில் போட்ட சல்லியும் மணலும் கரையாமல் இருக்கின்றன. அடுத்ததை உடைக்கச் சொன்னாள்.

கடைசித் துளைக்கு உளி வைக்கும்போது மேலே இரைச்சல் கேட்டது. எல்லாரும் கரையேறினார்கள். செம்மண் வெள்ளம் சுவரின் தலையைத் தாண்டி விழுந்தது. சுவர் நின்றது.

துளைத் தண்ணீர் போகும் வழியில் ஒரு குழி வெட்டினால் ஆடு மாட்டுக்காவது ஆகும் என்று முத்துத்தாயிடம் சொல்லிக்கொண்டே சௌந்தரபாண்டியன் நடந்தார். ஸ்ரீமதி சேற்றுக் கையோடு அலுவலகத் தலைவருக்குப் போன் போட்டாள்.

“துளை எதுக்குன்னு ஊர்ல சொல்லணும்னு அறிக்கையில எழுதிக் கொடுத்தேனே, யார் சார் அதை நீக்கினது?” என்றாள். அவர் பிறகு பேசலாம் என்றார்.

“இப்பவே பேசுவோம்” என்றாள்.