பாஸ்டர் வீட்டுச் சம்பவம்

வாசுதேவநல்லூரில் கட்டிக்கொடுத்த மகள் ஜெபக்கனிக்கு ஐந்தாம் மாதச் சோறு கொண்டுபோயிருந்தார்கள். எலுமிச்சை, புளி, தேங்காய், தயிர் என்று வகைக்கொரு தூக்குச்சட்டி. எல்லாம் பொன்செல்வி விடியுமுன்னே எழுந்து, ஒற்றை ஆளாக நின்று கிளறியது. பந்தியில் உட்கார்ந்து முதல் வாய் வைத்ததும் சம்மந்தியம்மா தங்கபுஷ்பம் தலையை ஆட்டி ஆட்டிச் சாப்பிட்டாள். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி ஒரு கேள்வி கேட்டாள்.

“ருசியாத்தான் இருக்கு மைனி. அடுப்பப் பத்தவச்சுத்தான கிண்டுனிய?”

பந்தியே சிரித்தது. பரிமாறிக்கொண்டிருந்தவன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தவர் பொன்செல்வியின் வீட்டுக்காரர், பாஸ்டர் ராஜதுரை. மனுஷன் அங்கேதான் வசமாக மாட்டினார்.

சங்கரன்கோவிலில் ராஜதுரைக்கு இருக்கும் சபை சின்னது. ஓடு வேய்ந்த ஒரு நீளக் கட்டடம், நாலு மின்விசிறி, அதில் ஒன்று சுற்றாது. ஆனால் பிரசங்கத்துக்கு அவரைக் கூப்பிடாத ஊர் கிடையாது. ராஜபாளையம் ரோட்டிலும் தென்காசி ரோட்டிலும் எங்கே பந்தல் போட்டு மைக் கட்டினாலும் ஒரு நாளாவது அவர் பேசியாக வேண்டும். காரணம், வேத ஞானம் மட்டுமல்ல. அதில் அவரைவிடக் கெட்டிக்காரர்கள் உண்டு. பிரசங்கத்தின் நடுவில், ஜனங்கள் கொட்டாவி விடும் நேரம் பார்த்து, அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “எங்க வீட்டுல ஒரு சம்பவம்” என்று ஆரம்பிப்பார். தூங்கியவன் எழுந்துவிடுவான். பாத்திரம் கழுவப்போன பொம்பிளைகள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஓடி வருவார்கள்.

சம்பவம் என்றால் பொன்செல்விதான். கல்யாணமான புதிதில் அவள் குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு விசிலுக்குக் காத்திருந்தாள். பருப்பு வெந்தபாடில்லை, விசில் வந்தபாடில்லை. கடைசியில் பார்த்தால் அடுப்பையே பற்றவைக்கவில்லை. “அக்கினி இல்லாம விசில் எங்கேருந்து வரும், சகோதரமே?” என்று கேட்டுவிட்டு மைக்கைவிட்டு ஓரடி தள்ளி நிற்பார். பந்தல் அல்லேலூயாவில் அதிரும். இன்னொரு சம்பவம், மேலநீலிதநல்லூர் ரோட்டில் நடந்தது. டிவிஎஸ் வண்டியில் பின்னால் இருந்த பொன்செல்வி, நழுவி விழுந்த செருப்பை எடுக்க இறங்கினாள். அது தெரியாமல் பாஸ்டர் அவளோடு பேசிக்கொண்டே ஊர் வரைக்கும் போய்விட்டார். உலக ஆசைக்காக இறங்கினால் பயணம் போய்விடும் என்று அதற்கொரு பாடம். பெண்டாட்டி இல்லாததுகூடத் தெரியாமல் வண்டி ஓட்டிய மனுஷனுக்கு என்ன பாடம் என்று இதுவரை எந்தச் சபையிலும் எவரும் கேட்டதில்லை.

இப்படியாகப் பொன்செல்வி போகாத ஊரிலெல்லாம் பொன்செல்வி பெயர் போய்ச் சேர்ந்திருந்தது. பஸ்ஸில் முன்பின் தெரியாத பெண் இடம் விட்டு உட்காரவைத்து, “விசில் வந்துட்டாக்கா?” என்பாள். பூக்கடையில் முழம் போட்டுக்கொண்டே செருப்பை விசாரிப்பார்கள். அவளும் சிரித்துவைப்பாள். ஊழியக்காரர் மனைவி சிரிக்காமல் முறைக்கவா முடியும்? 

ஆனால் சம்மந்தி வீட்டில் இருந்து திரும்பும்போது அவள் சிரிக்கவில்லை. வாசுதேவநல்லூரில் ஏறியது முதல் ஜன்னல் பக்கம் திரும்பிய முகம், புளியங்குடியில் பஸ் மாறியபோதும் திரும்பவில்லை. பாஸ்டர் வேர்க்கடலை வாங்கி நீட்டினார். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், தின்னவில்லை. வீட்டுக்கு வந்து, தூக்குச்சட்டிகளை ஒவ்வொன்றாகக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“இனிமே எங்கதைய மேடையில எடுத்தியன்னா, நான் ஒங்க கூட்டத்துக்கு வரமாட்டேன். நம்ம சபைக்கும் வரமாட்டேன். ஞாயித்துக்கிழம வீட்டுலயே முழங்கால் போட்டுக்கிடுதேன்.”

“ஏட்டி, ஜனங்க சந்தோசமாத்தானட்டி கேக்காங்க.”

“அவுங்க சந்தோசமாத்தான் கேக்காங்க. எம்பிள்ள அந்த வீட்டுல வாழணுமா வேண்டாமா? நாளைக்கு அவ ஒரு கொழம்பு வச்சாலும் அம்மையச் சொல்லித்தான் சிரிப்பாங்க. நான் இந்தக் கையாலதான ஒங்களுக்கு இத்தன வருசமா வடிச்சுப் போடுதேன்? வேகாத அரிசியவா போட்டேன்?”

பாஸ்டர், “சரி செல்வி, எடுக்கல” என்று வாக்குக் கொடுத்தார்.

கொடுத்த பிறகுதான் டைரியைப் புரட்டிப் பார்த்தார். அடுத்த கூட்டம் எங்கே என்று நினைக்கிறீர்கள்? வாசுதேவநல்லூரிலேதான். மூன்று நாள் கூட்டம், முதல் நாள் பேச்சு இவர், முன்வரிசையில் சம்மந்தி வீடு. தலைப்பு, ‘பயப்படாதே’. வாய் தவறி எடுத்துவிட்டால் பொன்செல்வி இனி வராமல் போய்விடுவாளோ என்ற எண்ணம்தான் அவரைப் போட்டு ஆட்டியது. பாஸ்டரம்மா சபைக்கு வராவிட்டால் ஊர் நாலு விதமாகப் பேசும், அது ஒருபக்கம் கிடக்கட்டும். எந்த ஊர்ப் பந்தலிலும் பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் அவள் இருப்பாள். பேச்சு நீண்டால் கைக்கடிகாரத்தைத் தொட்டுக் காட்டுவாள். அந்த இடம் காலியாக இருந்தால் தன்னால் வாயைத் திறக்க முடியாது என்று ராஜதுரைக்கு நன்றாகத் தெரியும். அதை அவளிடம் சொன்னதில்லை.

அந்த வாரம் முழுக்க வண்டியில் போகும்போதும் வரும்போதும் வேறு கதை தேடினார். காய்ச்சல்காரர் வீட்டில் ஜெபம், புது வீட்டுக்கு ஜெபம், ஒரு வீட்டில் ஈனமாட்டாமல் கிடந்த ஆட்டுக்கும் ஜெபம். ஆடு இரட்டைக் குட்டி போட்டது. கதை மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை. மேலநீலிதநல்லூரில் இருந்து வரும் வழியில் வண்டி இருமி இருமி நிற்க, சங்கரன்கோவிலில் நியாஸ் அகமது ஒர்க்‌ஷாப்புக்குத் தள்ளிக்கொண்டு போனார். நியாஸ் கடையநல்லூர்க்காரர், இந்த வண்டிக்குப் பல வருஷமாக அவர்தான் வைத்தியர். மனம் தாங்காமல் அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினார் பாஸ்டர்.

“அக்கா சொல்லுததுல தப்பே இல்ல பாஸ்டரே. எங்க வீட்டுல நான் இப்படிச் சொல்லியிருந்தா எனக்கு எப்பவோ சோறு நின்னுருக்கும்,” என்றார் நியாஸ். “பேசாம ஒங்க கதையச் சொல்லுங்களேன்.”

“எங்கதையில என்னவே இருக்கு? எந்திச்சேன், வண்டிய எடுத்தேன், ஜெபம் பண்ணுனேன், வந்தேன்.”

“அப்ப கஷ்டந்தான்,” என்று நியாஸ் பிளக்கைக் கழற்றி ஊதினார்.

கூட்டத்தன்று பொன்செல்வி வந்தாள். அடர்நீலச் சேலை, தலையில் முக்காடு, மூன்றாவது வரிசை. பாஸ்டருக்கு உயிர் வந்தது. முன்வரிசையில் தங்கபுஷ்பம் சொந்தபந்தத்தையெல்லாம் கூட்டிவந்து, ‘இன்னா பாரு இப்ப சொல்லுவார்’ என்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஜெபக்கனி. ராஜதுரை ஜெபித்து ஆரம்பித்தார். பயப்படாதே என்றார். ஏன் பயப்படக் கூடாது என்றார். எப்படிப் பயப்படக் கூடாது என்றார். கால்மணி நேரத்தில் சொன்னதையே சொல்லுவது அவருக்கே தெரிந்தது. ஆண்கள் பக்கம் ஒருவர் செல்போனை எடுத்தார். ஒரு குழந்தை நாற்காலியில் இருந்து சரிந்து விழுந்து, அழக்கூடச் சோம்பல்பட்டு அப்படியே தூங்கியது. கீபோர்டுக்காரர் கொட்டாவி விட்டது மைக்கில் கேட்டது.

பாஸ்டரின் கை தானாகக் கண்ணாடியைக் கழற்றியது. வாயும் தானாகத் திறந்தது.

“எங்க வீட்டுல...”

பந்தல் சட்டென்று நிமிர்ந்தது. தங்கபுஷ்பம் பக்கத்தில் இருந்தவளை முழங்கையால் இடித்தாள். ராஜதுரையின் கண் மூன்றாவது வரிசைக்குப் போனது. பொன்செல்வி கோபமாக எல்லாம் பார்க்கவில்லை. மடியில் இருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டினாள், அவ்வளவுதான்.

“எங்க வீட்டுல... எல்லாரும் சுகம். ஒங்க வீட்டுலயும் கர்த்தர் சுகத்தைக் கட்டளையிடுவார்,” என்றார் பாஸ்டர்.

ஜனங்கள் ஆமென் என்றது சடங்குக்குச் சொன்னது மாதிரி இருந்தது. அதற்குமேல் இழுக்கத் தெம்பில்லாமல் செய்தியை முடித்துவிட்டு, மேடை நாற்காலியில் போய்த் தொப்பென்று உட்கார்ந்தார். அவர் ஊழியத்துக்கு வந்த நாளில் இருந்து சொன்ன நேரத்துக்கு முன்னால் முடித்தது அன்றைக்குத்தான். கூட்டம் நடத்திய வெள்ளத்துரை திகைத்துப்போனார். பந்தலுக்குப் பின்னால் சோறு இன்னும் இறங்கவில்லை. ஜனங்களை எழுப்பிவிட்டால் எல்லாரும் அண்டாவைச் சுற்றி நின்றுவிடுவார்கள். மைக்கைப் பிடித்து, “யாராச்சும் கர்த்தர் செஞ்ச நன்மைக்குச் சாட்சி சொல்லணும்னா வரலாம். சுருக்கமா வேண்டாம், வெவரமாவே சொல்லலாம்” என்றார்.

ஒருவரும் அசையவில்லை. பிறகு மூன்றாவது வரிசையில் பொன்செல்வி எழுந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் மைக்கைத் தொட்டதே இல்லை. இன்றைக்கு நம் மானம் கப்பலேறப்போகிறது, சம்மந்தி முன்னாலேயே ஏறப்போகிறது என்று பாஸ்டர் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவள் முக்காட்டைச் சரிசெய்து, மைக்கை இரண்டு கையாலும் பிடித்தாள்.

“எங்க வீட்டுல ஒரு சம்பவம்,” என்றாள்.

பந்தலில் ஒரு ‘ஓ’ கிளம்பி அடங்கியது.

“இவுக ஒருநா, இதே ‘பயப்படாதே’ய ஒரு ஊர்ல பிரசங்கம் பண்ணிட்டு வந்தாக. தொண்டையே கட்டிப்போச்சு, அம்புட்டுச் சத்தம். வந்தவுக வீட்டுக்குள்ள வரல. தெருவுல நின்னு, செல்வி, செல்வின்னு கூப்பிடுதாக. கதவு தெறந்துதான் கெடக்கு. என்னன்னு போய்ப் பாத்தா, வாசல் நெலையில ஒரு பல்லி. இத்துனூண்டு பல்லி.”

முதலில் சிரித்தது ஜெபக்கனி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“நான் வெளக்கமாத்தால தட்டிவிட்டேன். ‘போயிட்டா?’ன்னாக. போயிட்டுன்னேன். ‘ஸ்தோத்திரம்’னு சொல்லிட்டு உள்ள வந்தாக. பிசாசு வெரட்டுத மனுசன்!”

பந்தல் ஆடியது. தங்கபுஷ்பம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். வெள்ளத்துரை மேடைக் கம்பைப் பிடித்துக்கொண்டார். ராஜதுரைக்குக் காது இரண்டும் சுட்டது. ஊரே தன்னைப் பார்த்துச் சிரித்தால் எங்கே பார்ப்பது, கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அடிப்பாவி, இதையா இத்தனை வருஷம் சிரித்துச் சமாளித்தாய் என்று நினைத்துக்கொண்டார்.

பொன்செல்வி சிரிப்பு அடங்கட்டும் என்று நின்றாள். அடங்கியதும் குரலைத் தாழ்த்தினாள்.

“கொரோனா சமயத்துல ஒரு பெரியவர் தவறிட்டாக. பெத்த பிள்ளையளே கிட்டப் போகல. வந்து அடக்கம் பண்ணித் தாங்கன்னு இவுகளுக்குப் போன் வருது. சட்டைய மாட்டிக்கிட்டு நிக்காக, பொத்தான் போட முடியல. கை அப்படி ஆடுது. நாந்தான் போட்டுவிட்டேன். பயமா இருக்கான்னு கேட்டேன். ‘இருக்குட்டி’ன்னாக. சொல்லிட்டு வண்டிய எடுத்துக்கிட்டுப் போனாக. பெறகும் கூப்பிட்டாக, பெறகும் போனாக. ஒவ்வொரு தடவையும் பொத்தான் நாந்தான் போட்டேன்.”

பின்னால் அடுப்பில் விறகு வெடிப்பதுகூடக் கேட்டது.

“ஊரு பூரா பயப்படாத பயப்படாதன்னு சொல்லுதவுக, பயமா இருக்குன்னு எங்கிட்ட மட்டுந்தான் சொல்லுவாக. இன்னைக்கு ஒங்க எல்லார்ட்டயும் நான் சொல்லிட்டேன். சண்டைக்கு வந்தா வரட்டும். அம்புட்டுதான், ஸ்தோத்திரம்.”

அவள் மைக்கை வைத்துவிட்டு இறங்கினாள். தங்கபுஷ்பம் எழுந்து நின்று அவள் கையைப் பிடித்து இழுத்தாள். “மைனி, அங்கன என்ன, இங்கன வாங்க” என்று தன் நாற்காலியிலேயே உட்காரவைத்து, தான் நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே, “பல்லிக்கா மைனி?” என்று மறுபடி கேட்டாள். “ஆமா மைனி, பல்லிக்கு” என்றாள் பொன்செல்வி. இரண்டு சம்மந்திகளும் கையோடு கை பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

ராஜதுரை அந்தக் கொரோனா நாட்களை எந்த மேடையிலும் சொன்னதில்லை. சொல்ல அதில் என்ன இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தார். ஒருத்தி பக்கத்தில் இருந்து அத்தனையையும் பார்த்து, இத்தனை காலம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள் என்பது இப்போதுதான் உறைத்தது. அவருக்கு அழுகை வரும்போல இருந்தது, சந்தோஷம் தாங்கவும் முடியவில்லை.

சோறு இறங்கிவிட்டது என்று வெள்ளத்துரை ஜாடை காட்டினார். முடிவு ஜெபத்துக்குப் பாஸ்டர் எழுந்து மைக் முன்னால் வந்தார். “கண்களை மூடுவோம்” என்றார். பந்தல் முழுக்கத் தலைகள் குனிந்தன. அவர் மூடவில்லை. முன்வரிசையைப் பார்த்தார். பொன்செல்வியும் மூடவில்லை. நிமிர்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ‘ம், ஆரம்பிங்க’ என்று தாடையை அசைத்தாள்.

“பரலோகப் பிதாவே,” என்று ஆரம்பித்தார். அந்தச் சமயம் பெண்கள் பக்கம் யாரோ அடக்கமாட்டாமல் களுக்கென்றார்கள். பிதாவே என்று இன்னொரு தடவை சொல்லப் பார்த்தார், பாதியில் சிரிப்பு முந்திக்கொண்டது. மைக்கை மூடத் தோன்றவில்லை. தென்னைமரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் அந்தச் சிரிப்பு ஏறி, வயலைத் தாண்டி ரோட்டுக்குப் போனது. ராஜபாளையம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தவர்கள் எல்லாம் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்துக்கொண்டே போனார்கள்.