பந்து பதிந்த இடம்

எலிசேயோ மூன்றாவது முறையாக ராக்கெட்டின் கைப்பிடி நாடாவை அவிழ்த்துச் சுற்றிக்கொண்டிருந்தான். முதல் தடவை சுற்றியதே சரியாகத்தான் இருந்தது. இரண்டாம் தடவை அதைவிடச் சரி. கைதான் சரியில்லை. ஜனவரி மாதக் கோடை வெயிலில் கிளப்பின் தகரக் கூரை படபடவென்று வெடித்துக்கொண்டிருக்க, அவனுடைய வலது கை மட்டும் குளிர்ஜுரக்காரன் கைபோல நடுங்கிக்கொண்டிருந்தது. உடை மாற்றும் அறையில் வேறு யாரும் இல்லாதது நல்லதாகப் போயிற்று. ராக்கெட் பிடிக்கிற கை நடுங்குவதை எதிராளி பார்த்துவிட்டால் பாதி ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும்.

ஆட்டம் மூன்று மணிக்கு. தகுதிச் சுற்றில் இதுதான் கடைசி. ஜெயித்தால் திங்கட்கிழமை முதன்மைச் சுற்றுப் பட்டியலில் அவன் பெயர் ஏறும். அவனுக்குப் பணம் போடுகிற தோன் அதெல்மோ அடுத்த வருஷத்துக்கும் கையெழுத்துப் போடுவார். ஏப்ரலில் ஐரோப்பா போய் ஆறு மாதம் ஆட விமானம், தங்கல், பயிற்சியாளர் சம்பளம் எல்லாம் அந்த ஒரு கையெழுத்துக்குள் இருந்தன. தோற்றால், இருபத்தேழு வயதில் ஊருக்குத் திரும்பி, பல் டாக்டர்களுக்கும் நிலத்தரகர்களுக்கும் மாலை ஆறு மணிக்கு மெதுவாகப் பந்து போட்டுக் கொடுக்க வேண்டியதுதான். அதை நினைத்தால் கவலையாக இருந்தது, உண்மை. ஆனால் நடுக்கம் அதனால் இல்லை. நடுக்கம் அந்தக் கை மறுபடி என்ன செய்துவிடுமோ என்றுதான்.

ஒஸ்மார் கக்கத்தில் வெந்நீர்க் குடுவையும் கையில் மாத்தே என்கிற கசப்புத் தேநீரை உறிஞ்சும் சுரைக்குடுக்கையுமாக உள்ளே வந்தான். எலிசேயோவுக்குப் பத்து வயதிலிருந்து அவன்தான் பயிற்சியாளன். வந்தவன் உட்காரவில்லை.

"டேய், ஒண்ணு சொல்லணும். கத்தக் கூடாது."

"நான் கத்தி வருஷமாச்சு. சொல்லுங்க."

"கோட்டு நடுவருங்க பேரு ஒட்டிட்டாங்க. நம்ம கோர்ட்டுக்கு நெலிதா."

"எந்த நெலிதா?"

"நமக்கு எத்தனை நெலிதாடா தெரியும்?"

நாடா அவன் கையிலிருந்து நழுவிச் சுருள் சுருளாகத் தரையில் விழுந்தது. "மாத்தச் சொல்லுங்க."

"கெஞ்சிப் பாத்துட்டேன். அந்தம்மாவே கேட்டு வாங்கியிருக்கு. 'அவன் ஆடற கோர்ட்டுல ஒரு தடவ உக்காந்து எந்திரிச்சிட்டா அப்புறம் எங்க வேணா உக்காருவேன்'னு சொல்லிச்சாம்." ஒஸ்மார் குழலை உறிஞ்சிவிட்டு மெதுவாகச் சொன்னான். "ஒத்தக் கண்ணோட கோடு பாக்க முடியுமான்னு இன்னிக்குத்தான் சோதிக்கிறாங்க. ஒரு தப்பு எல்லாருக்கும் வரும், விட்டுருவாங்க. ரெண்டாவது வந்தா கண்ணுதான் காரணம்னு எழுதிருவாங்க. அதோட சரி."

எலிசேயோ குனிந்து நாடாவைப் பொறுக்கினான்.

போன ஜனவரியில், இதே மாகாணத்தில் வேறொரு கிளப்பில், ஒன்றுமில்லாத ஒரு புள்ளிக்காக நடந்தது அது. எளிய பந்தை வலையில் அடித்தான். கையில் மிச்சமிருந்த பந்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்பக்கம் விளாசினான். ஆயிரம் தடவை செய்திருக்கிறான். வேலியில் பட்டு விழும், நடுவர் எச்சரிப்பார், கூட்டம் கைதட்டும். அன்றைக்கு வேலியில் படுகிற சத்தம் வரவில்லை. ஈரத்துணியைத் துவைக்கிற கல்லில் அடித்ததுபோல ஒரு சத்தம் வந்தது. திரும்பினால், வாரநாளெல்லாம் பள்ளிக்கூட அலுவலகத்தில் பதிவேடு எழுதுகிற, ஐம்பது வயதுப் பெண்மணி, அன்றைக்குக் கோட்டு நடுவராக நின்ற நெலிதா, முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கத்தவில்லை. தொப்பியைத் தேடுகிறவள்போலச் ஆடுகளத்துச் செங்கல்பொடியில் கையால் துழாவிக்கொண்டிருந்தாள். இடது கண் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

அங்கேயே அவனை வெளியே அனுப்பினார்கள். ஆறு மாதம் தடை. அபராதத்தைக் கட்டியது தோன் அதெல்மோ. மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்று எலிசேயோ துடித்தபோது அவருடைய வக்கீல்தான் தடுத்தார். மன்னிப்புக் கேட்டால் ஒத்துக்கொண்டதாக ஆகும், வழக்கு வரும், பூங்கொத்து அனுப்புவோம், பெயர் போடாமல், என்றார். பெயர் போடாத பூ! செத்த வீட்டுக்குக்கூட அப்படி அனுப்ப மாட்டார்கள். அவனும் அந்த ஏற்பாட்டுக்குத் தலையாட்டினான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரம் போன பிறகு அவனுக்குப் புத்தியும் வரவில்லை, பயம்தான் வந்தது. அன்றிலிருந்து எதிராளிக்குப் பந்தைத் திருப்பித் தர வேண்டுமென்றால்கூட வலைவரை நடந்துபோய்க் கையில் கொடுத்தான். வீட்டில் கதவை அறைந்து சாத்துவதில்லை. தூக்கத்தில் கை வீசிவிடுமோ என்று தலையணைக்கடியில் வைத்துப் படுத்தான்.

மைதானத்துக்குப் போகிற நடையில் தோன் அதெல்மோ மறித்துக்கொண்டார். கோழிப் பண்ணை, கோழி வெட்டும் ஆலை, கோழி ஏற்றிப் போகிற நாற்பது லாரி எல்லாம் அவருடையவை. எலிசேயோ வாயைப் பிளந்து கத்துகிற படத்தை லாரிகளின் இரண்டு பக்கமும் ஒட்டி, கீழே 'சிங்கத்தின் பசி' என்று எழுதி வைத்திருந்தார். அந்த விபத்துக் காட்சி கைபேசிகளில் ஊர் சுற்றிய மாதத்தில்தான் விற்பனை கூடியதாம். அதை அவர் வெட்கமில்லாமல் எல்லாரிடமும் சொல்வார்.

"என்னடா சிங்கம், மூஞ்சி வெளிறிக் கிடக்கு?"

"வெயிலுங்க, தோன் அதெல்மோ."

"வெயிலா? இங்கயே பொறந்து வளந்தவனுக்கா?" அவர் அவன் தோளில் கைபோட்டு இறுக்கினார். சவரம் செய்த கன்னத்தின் வாசனைத் தைலம் மூக்கைத் துளைத்தது. "இத பாரு. உன்னோட முன்கை அடிய பாத்து நான் உன்ன எடுக்கல. அது மாதிரி அடிக்கிறவன் தெருவுக்கு ஒருத்தன் இருக்கான். உன் கோவத்துக்குத்தான் நான் காசு போட்டேன். அஞ்சு மாசமா நீ பாதிரியார் மாதிரி ஆடற. கூட்டாளிங்கள கூட்டியாந்திருக்கேன், என் மானத்த வாங்கிடாத."

"அந்தம்மா வந்திருக்காங்க. கோட்டுல."

"தெரியும். நல்லதாப் போச்சு. உன்ன பாத்தா அது பயப்படும். பயப்படற நடுவரு உனக்குத்தான் சாதகம்." சொல்லிவிட்டுச் சிரித்தார், பாவி மனுஷன். கெட்ட எண்ணத்தோடு சொன்ன மாதிரிகூட இல்லை. சந்தையில் விலை சொல்கிறவர் முகம்தான் அது.

நெலிதா தெற்கு மூலையில், பக்கக் கோட்டின் முடிவில் நின்றிருந்தாள். நீலச் சட்டை, வெள்ளைத் தொப்பி. இடது கண் திறந்துதான் இருந்தது. கண்மணி மட்டும் அகலமாக விரிந்து அசையாமல் நின்றது. எலிசேயோ அந்தப் பக்கம் பார்ப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டான். ஆனால் டென்னிஸில் இரண்டு ஆட்டத்துக்கு ஒருமுறை பக்கம் மாறியே ஆக வேண்டும். மாறுகிற ஒவ்வொரு தடவையும் அவளுக்கு மூன்றடி தள்ளி நின்றுதான் துண்டால் முகம் துடைக்க வேண்டியிருந்தது.

முதல் செட்டை மூன்றுக்கு ஆறு என்று எதிரே ஆடிய சிலிக்காரப் பையனுக்குத் தூக்கிக் கொடுத்தான். பத்தொன்பது வயது, நரம்பு மாதிரி உடம்பு, எதையும் விடாமல் திருப்பி அடிக்கிற ரகம். அந்தச் செட்டின் நடுவில் நெலிதாவின் மூலையில் ஒரு பந்து விழுந்தது. வெளியே என்று கையை நீட்டினாள். சிலிக்காரன் வலைப்பக்கம் வந்து ராக்கெட்டால் சுட்டிக்காட்டினான். நடுவர் உயர நாற்காலியிலிருந்து இறங்கி வந்து, செங்கல்பொடியில் பந்து பதிந்த தடத்தைக் குனிந்து பார்த்தார். தடம் கோட்டைத் தொட்டிருந்தது. தீர்ப்பை மாற்றிவிட்டு, தடத்தைத் தன் காலால் தேய்த்து அழித்துவிட்டு ஏறிப்போனார். தடத்தைப் பார்த்து முடித்த நடுவர்தான் அதை அழிக்க வேண்டும். அவர் பார்ப்பதற்கு முன் ஆட்டக்காரன் காலை வைத்தால், சொன்ன தீர்ப்பை ஒத்துக்கொண்டான் என்று பொருள். அதற்கு மேல் பேச்சில்லை. செங்கல்பொடியில் ஆடப் பழகுகிற ஏழு வயதுக் குழந்தைக்கும் முதலில் சொல்லித் தருவது இதைத்தான்.

ஒரு தப்பு ஆயிற்று, என்று எலிசேயோ நினைத்தான். நிழற்கூரையின் கீழே தலைமை நடுவர் தாளில் ஏதோ எழுதுவது தெரிந்தது.

"பயந்தாங்கொள்ளிக் கோழி!" என்று மேலேயிருந்து தோன் அதெல்மோவின் குரல் வந்தது. "எங்கிட்டதான் லட்சம் கோழி இருக்கே, இன்னொண்ணு எதுக்குடா எனக்கு?" கூட்டாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு வேலை செய்தது. இரண்டாம் செட்டில் அவனுக்குள் பழைய சூடு ஏறியது. கால்கள் லேசாயின; பந்து பெரிதாகத் தெரிந்தது; சிலிக்காரன் ஓட ஆரம்பித்தான். கோபம் எவ்வளவு நல்ல சாப்பாடு என்பது எலிசேயோவுக்கு நினைவு வந்தது, வந்ததும் பயமாக இருந்தது. செட்டை எடுத்தான். ஒஸ்மார் எழுந்து நின்று கைதட்டினான்.

மூன்றாம் செட்டில், நாலுக்கு நாலு இருக்கும்போது, வாயில் ஊட்டிய மாதிரி வந்த பந்தை வலையில் கொண்டுபோய்ச் சொருகினான். இடது கையில் இன்னொரு பந்து இருந்தது. அது எப்போது மேலே போனது, ராக்கெட் எப்போது பின்னால் போனது என்று அவனுக்குத் தெரியாது. தோள் முழுக்கத் திருகி, விளாசுவதற்கு ஒரு மயிரிழை இருக்கையில்தான் தான் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பது உறைத்தது. தெற்குப் பக்கம். கடவுளே, தெற்குப் பக்கம்! அப்படியே கல்லாக நின்றான். பந்தைக் கால்சட்டைப் பைக்குள் திணித்து, அது வெளியே வந்துவிடாமல் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சை உள்ளே இழுத்த சத்தம் கேட்டது. மேலே தோன் அதெல்மோ, "அப்படிப் போடு! வந்துருச்சு பாரு சிங்கம்!" என்று நாற்காலியைத் தட்டினார்.

ஆறுக்கு ஆறு. டைபிரேக். ஏழு புள்ளி எடுத்து, இரண்டு முன்னே நிற்கிறவனுக்கு ஆட்டம். ஆளுக்கு ஆள் மாறி மாறிப் புள்ளி எடுத்துப் போய், ஆறுக்கு ஐந்து என்று எலிசேயோ முன்னே நின்றான். சர்வ் அவனுடையது. இந்த ஒரு புள்ளி போதும். நின்றிருந்தது தெற்குப் பக்கம்.

சர்வ் விழுந்தது, சிலிக்காரன் திருப்பினான், இவன் அடித்தான், அவன் அடித்தான். பதினான்காவது அடியோ பதினைந்தாவதோ, பையன் ஓடிக்கொண்டே குருட்டாம்போக்கில் ஒன்றை வீசினான். பந்து எலிசேயோவைத் தாண்டி, நெலிதாவின் காலடியில், பக்கக் கோட்டோரம் விழுந்து எகிறியது. அவள் இரண்டு உள்ளங்கைகளையும் தரைநோக்கி விரித்துக் காட்டினாள். உள்ளே. நல்ல பந்து. ஆறுக்கு ஆறு.

எலிசேயோ ஓடிப்போய்த் தடத்தைப் பார்த்தான். புதுத் தடம், ஈரம் காயாத இட்லி மாதிரி முழு வட்டம். அதற்கும் வெள்ளைக் கோட்டுக்கும் நடுவே ஒரு விரல் அகலத்துக்குச் சிவப்புப் பொடி, தொடப்படாமல். வெளியே. சந்தேகமே இல்லை. அவன் ஜெயித்துவிட்டான்.

"வெளிய! வெளிய!" தோன் அதெல்மோ கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார். "டேய், கூப்புடுறா அவர! காட்டுறா!"

நாற்காலியிலிருந்து நடுவர் முன்னால் சாய்ந்தார். "பார்க்கணுமா?"

ஆமாம் என்று சொல்ல வாய் திறந்தது. தடத்தைச் சுட்டிக்காட்ட வலது கை ராக்கெட்டோடு உயர்ந்தது. வேறொன்றுக்கும் இல்லை, சுட்டிக்காட்டத்தான்.

இரண்டடி தள்ளி நின்ற நெலிதாவின் கை சடாரென்று மேலே போய் வலது கண்ணைப் பொத்திக்கொண்டது. மிச்சமிருந்த அந்த ஒன்றை. உடம்பு முழுவதும் பக்கவாட்டில் சுருங்கி, தோள் காதை முட்டியது. திறந்திருந்த இடது கண் மட்டும், எதையும் பார்க்காமல், அவன் முகத்துக்கு நேரே இருந்தது.

அவன் கை அந்தரத்தில் நின்றது. அய்யோ, நான் அடிக்க வரலையே, என்று கத்த வேண்டும்போலிருந்தது. நடுவர் நாற்காலியின் முதல் படியில் காலை வைத்தார். அப்போது எலிசேயோவின் வலது கால் தானாக முன்னால் போயிற்று. ஒரு தேய்ப்பு. இன்னொரு தேய்ப்பு. விரல் அகலச் சிவப்பும் வட்டமும் கோட்டின் ஓரமும் ஒன்றாகக் கலந்து வழவழவென்று ஆயின.

ஒஸ்மாரின் குரல்தான் முதலில் கேட்டது. "என்னடா பண்ண? டேய், என்ன காரியம்டா பண்ண?"

அவனுக்கே தெரியாது. இரக்கம் என்று பின்னாளில் யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளலாம். அந்த நிமிஷத்தில் இருந்தது பயம் மட்டும்தான், அந்தரத்தில் நின்ற தன் கையைக் கீழே இறக்க வேண்டும், அவ்வளவுதான். ராக்கெட்டைத் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு, ஒரு வருஷமாக மனத்துக்குள் எழுதி எழுதி அழித்த மன்னிப்பு வார்த்தையைச் சொல்ல வாயெடுத்தான்.

"உள்ளதாங்க," என்றான். "பந்து உள்ளதான்."

அவளிடம் அவன் பேசிய முதல் பேச்சு அது. அதுவும் பொய்.

"ஆறு, ஆறு," என்றார் நடுவர், ஏறி உட்கார்ந்து. பக்கம் மாற வேண்டும். மறுபடி சர்வ் போட வேண்டியவனும் அவன்தான். மேலே யாரோ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போகிற சத்தம் கேட்டது. எலிசேயோ நிமிர்ந்து பார்க்கவில்லை. நடந்தான். எதிரே வந்த சிலிக்காரன் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு விலகி வழிவிட்டான். வலைக்கம்பத்தருகே ஒருமுறை திரும்பினான். அவள் அப்படியே நின்றிருந்தாள், கண்ணைப் பொத்தியபடி. அவன் வலையைத் தாண்டி, மைதானத்தின் மறுகோடிக்குப் போய், பந்துக்காக இடது கையை நீட்டிய பிறகுதான் அவளுடைய கை மெல்ல, ஒவ்வொரு விரலாக, முகத்திலிருந்து இறங்கியது.