அர்ஜுனன் வண்டிக்கு வயசு ஏறிய வரலாறு

1990 மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், திருவண்ணாமலை செங்கம் ரோடு லாட்ஜ் முதலாளி அர்ஜுனன் தன் புத்தம்புது கோ-கார்ட்டில் மலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து இறங்கியபோது, அது எட்டு வருஷப் பழைய வண்டியாகியிருந்தது. அன்று தக்காளி கிலோ இரண்டு ரூபாய்.

கோ-கார்ட் என்பது கதவும் கூரையும் இல்லாமல், தரைக்கு நாலு விரல் மேலே உட்கார்ந்து ஓட்டும் குட்டிப் பந்தய வண்டி. அர்ஜுனன் வாங்கியது 89ஆம் வருஷ மாடல், சென்னைத் துறைமுகம் வழியாக வந்தது. வண்டி வருமுன்பே அவர் திருவண்ணாமலை மாவட்ட அகில இந்திய மோட்டார் பந்தயக் கழகத்தைத் தொடங்கிவிட்டார். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் அவரே என்பதால் மூன்று பொன்னாடை போர்த்திக்கொண்டார். தொடக்க விழா மேடையில் மைக்கைப் பிடித்து, சென்னைப் பந்தயத்தில் கோப்பை வாங்காமல் சொந்த வீட்டு வாசப்படியை மிதிப்பதில்லை என்று அறிவித்தார். கூட்டம் கைதட்டிவிட்டுச் சாப்பிடப் போனது. வீடு லாட்ஜுக்கு நேர் பின்னால் இருந்தது. அவர் அன்றே ஏழாம் நம்பர் ரூமில் குடியேறினார். மனைவி உண்ணாமலை, "நானா சொல்லச் சொன்னேன்?" என்று கேட்டுவிட்டு, மூன்று வேளையும் காம்பவுண்டு சுவருக்கு மேலாக டிபன் கேரியரை நீட்டினார்.

புது வண்டி வாங்கினால் கோயில் வாசலில் பூசை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவது ஊர் வழக்கம். கழகத் தலைவருக்கு அது கம்மியாகப் பட்டது. மலையையே சுற்றினார். பின்னால் மொபெட்டில் வந்த மெக்கானிக் பீர் முகம்மது சாட்சி சொன்னார்: "அக்னி லிங்கம் தாண்டச்சொல்லோ முன்பக்கத்து பிளாஸ்டிக் கூடு போச்சு தலைவரே. கீழ வுழல, இல்லாமப் போச்சு. அடி அண்ணாமலைகிட்ட சைடு கூடும் போச்சு. குபேர லிங்கத்துகிட்ட ஸ்டீரிங்கே வேற."

எண்பத்திரண்டாம் வருஷ மாடலாகிவிட்ட வண்டியோடு கலந்துகொண்டு சென்னையில் கடைசியாக வந்தார். வேறு ஊர்க்காரராக இருந்தால் வண்டியை மலைப்பக்கம் கொண்டுபோகாமல் இருந்திருப்பார். அர்ஜுனன் இந்த ஊர்க்காரர். மலையைச் சுற்றியதால் வந்த தோஷத்துக்குப் பரிகாரமாக மலையைச் சுற்றுவதாக வேண்டிக்கொண்டார். வண்டி எழுபத்தைந்தாம் வருஷத்துக்குப் போனது. மறுபடி தோற்றார், மறுபடி வேண்டிக்கொண்டார். 1995இல் அது அறுபத்துமூன்றாம் வருஷ மாடலாகி, மரம் அறுக்கும் மிஷினின் என்ஜின்கள் இரண்டைச் சீட்டுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வந்து நின்றது. 'இரட்டை என்ஜின் கண்ட ஏந்தல்' என்று அர்ஜுனன் போஸ்டர் அடித்தார். அந்த வருஷம் மழை ஜாஸ்தி, போஸ்டரை ஆடு தின்றது.

பீர் முகம்மதுக்கு ஒரு யோசனை தோன்றியது.

"தலைவரே, இப்பிடிச் சுத்தினா பழசாவுது. எதிர்ப்பக்கமா ஒரு சுத்து வுட்டா புதுசாயிடும் இல்ல?"

"எதிர்ப்பக்கமா போறத நாலு பேரு பாத்தா கழகத்தோட மானம் இன்னாவறது பாய்?"

"கழகத்துல நீங்க ஒருத்தர்தானே?"

"அதான் சொல்றேன்."

அடுத்த சுற்றில் வண்டி ஐம்பத்தாறாம் வருஷத்தில் வந்து நின்றது. நாலு இரும்புக் குழாய், ஒரு புல்வெட்டி என்ஜின், உட்கார ஒரு பலகை. சென்னைக்காரர்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். அது ஏழெட்டு வருஷம் லாட்ஜ் வாசலில் துணி காயவைக்கப் பயன்பட்டது. உண்ணாமலை டிபன் கேரியரை மூன்று முறை மாற்றிவிட்டார்.

'நான் யார்' என்று விசாரிக்க ஜெர்மனியிலிருந்து வந்து, ஆசிரமத்துப் பக்கம் பதினாறு வருஷமாக வாடகை ரூமில் கண்மூடி உட்கார்ந்திருந்த வெர்னர், 2003இல் ஒருநாள் டீ குடிக்கப் போகிற வழியில் காய்கிற லுங்கிக்கு அடியில் அந்த வண்டியைப் பார்த்தார். தான் யார் என்பது அவருக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது: பழைய கோ-கார்ட் சேகரிப்போர் சங்கத்தின் துணைச் செயலாளர். "கோ-கார்ட் பிறந்த முதல் வருஷத்து மாடல்" என்று தேம்பி அழுதார். சங்கத்துக்குக் கடிதம் போனது. இருப்பதிலேயே பழைய கோ-கார்ட்டுக்கு வெள்ளிக் கோப்பை தருவதாகப் பதில் வந்தது.

எந்தக் கோப்பையானால் என்ன, வீட்டுக்குப் போகலாம். உண்ணாமலை வாசலுக்குச் சுண்ணாம்பு அடித்தார். நடுவர்கள் இரண்டு பேர் கோப்பையோடு வந்து லாட்ஜ் பந்தலில் உட்கார்ந்தார்கள். வண்டி கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. ஆனால் நிற்கிற வண்டிக்குப் பரிசு வாங்குவது தலைவருக்கு மரியாதையாகப் படவில்லை. மேளதாளத்தோடு ஒரு சுற்று வந்து, ஓட்டிக்கொண்டே பந்தலுக்குள் நுழைவது என்று முடிவெடுத்துக் கிளம்பிவிட்டார். தடுக்கப்போன பீர் முகம்மதுவின் கையில் ஒரு மாலையைக் கொடுத்தார்.

ஈசான்ய லிங்கத்துப் பக்கமிருந்து மேளம் முன்னால் வந்தது. பின்னால் அர்ஜுனன் ஒரு புல்வெட்டும் மிஷினைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்தார். நடுவர்கள் அளவெடுத்தார்கள், குறித்துக்கொண்டார்கள், டீ குடித்தார்கள், கோப்பையை எடுத்துக்கொண்டு போனார்கள்.

பந்தல் பிரித்த பிறகும் அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். சுவருக்கு மேலே உண்ணாமலையின் தலை தெரிந்தது. டிபன் கேரியர் தெரியவில்லை.

"இன்னாங்க. பின்னாடி புல்லு முட்டி ஒசரம் நிக்குது. அந்த மிஷின இப்பிடிக் கொண்டாங்க."

"எப்பிடி வர்றது? மைக்குல சொல்லிட்டேனே."

"சொன்னவரு தலைவரு. புல்லு வெட்டற ஆளு எத்தினி பேரு வந்துட்டுப் போறாங்க. கொல்லப்பக்கமா வாங்க."

அர்ஜுனன் எழுந்தார். மேல்துண்டை எடுத்துத் தலையில் முண்டாசாகக் கட்டிக்கொண்டு, பதிமூன்று வருஷத்துக்குப் பிறகு கொல்லைக் கதவு வழியாகத் தன் வீட்டுக்குள் போனார். பாதிப் புல் வெட்டியதும் உண்ணாமலை மோர் கொடுத்தார். முழுவதும் வெட்டியதும், "இருட்டிடுச்சு, சாப்ட்டுப் படுத்துட்டுக் காலையில போப்பா" என்றார். காலையில் அவர் போகவில்லை. உண்ணாமலையும் கேட்கவில்லை.

கணக்குப்படி ஒரு சுற்று பாக்கி இருந்தது. வீடு சேர்ந்தால் மலையைச் சுற்றி வருவதாக அவர் எப்போதோ வேண்டியிருந்தார். 2004 தை மாதத்தில் மிஷினைத் தள்ளிக்கொண்டு போனவர், மத்தியானம் ஒரு வெள்ளாட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு திரும்பினார். பீர் முகம்மது அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். "ரொம்பப் பழைய மாடல்தான் தலைவரே, ஆனா கண்டிஷன் நல்லாக்கீது" என்றார். உண்ணாமலை அதைக் கொல்லையில் மறுபடி வளர்ந்திருந்த புல்லுக்கு நடுவே தென்னை மரத்தில் கட்டினார். காலையில் அரை லிட்டர், சாயங்காலம் கால் லிட்டர் கறந்தது. பாலில் லேசாகப் பெட்ரோல் வாடை உண்டு. ஏலக்காய் தட்டிப் போட்டால் தெரியாது.